தொட்டி காலியானால் குட்டி சாப்பிட்டது என்று அர்த்தமில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வறட்சியில் சொந்த நிலத்துக்கு வரும் மான்களுக்குத் தீவனம் வைப்பவர்களில் நானும் ஒருவன். காலையில் தொட்டி காலியாக இருந்தால் எல்லாம் வயிறாரத் தின்றுவிட்டுப் போயிருக்கின்றன என்று திருப்திப்பட்டுக்கொள்வேன். ஒரு நாள் சாயங்காலம் மறைவாக உட்கார்ந்து பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. கொம்பு வைத்த ஆண் மான்கள் முதலில், அப்புறம் பெண் மான்கள், கடைசியில்தான் குட்டிகள். ஒரு குட்டி கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தது, வாய் தொட்டி விளிம்புக்குக்கூட வரவில்லை. சரி என்று சுற்றிக்கொண்டு அடுத்த பக்கம் போனால் அங்கே நின்ற வேறொரு தாய் முன்னங்காலால் ஓங்கி அடித்து விரட்டிவிட்டது. கீழே சிந்தியதைப் பொறுக்கிவிட்டுப் போனது, அவ்வளவுதான்.

தொட்டியைத் தாழ்த்தினால் பாதிப் பிரச்சினை தீரும். மீதிப் பாதிக்கு, ஒரே பெரிய தொட்டிக்குப் பதில் ஒன்றுக்கொன்று கண்ணில் படாத தூரத்தில் மூன்று நான்கு சிறிய தொட்டிகள் வைக்க வேண்டும், ஏனென்றால் ஒரு ஆண் மான் ஒரே சமயத்தில் எல்லாவற்றையும் காவல் காக்க முடியாது. புதர் பக்கத்தில் இருந்தால் குட்டி தைரியமாக வரும், ஆனால் புதருக்குள்ளேயே வைத்துவிடாதீர்கள், வேட்டை விலங்கு பதுங்க வசதியாகிவிடும்.

பலர் கவனிக்காத ஒன்று, காட்டுப் பன்றி வராமலிருக்கத் தொட்டியைச் சுற்றிப் போடும் கம்பி வேலி. பெரிய மான் அலட்சியமாகத் தாண்டிவிடும், குட்டி வெளியிலேயே நின்றுவிடும். பன்றி ஏற முடியாத அளவுக்கு மேல் ஒரு விரல்கூட உயரம் வேண்டாம். வேலிக்குள் இடமும் தாராளமாக இருக்கட்டும், குட்டி குதித்து இறங்கவும், விரட்டினால் தப்பி ஓடவும்.

தீவனத்திலும் அவசரம் கூடாது. மான் அசைபோடும் பிராணி, அதன் வயிற்று நுண்ணுயிரிகள் புதுத் தீவனத்துக்குப் பழக இரண்டு மூன்று வாரம் ஆகும். திடீரென்று மக்காச்சோளத்தைக் கொட்டினால் வயிற்றில் அமிலம் ஏறி மான் செத்தே போகலாம். வளரும் குட்டிக்குத் தேவை புரதம், 16 முதல் 20 சதவீதம் வரை உள்ள தீவனம் நல்லது. பூஞ்சை பிடித்த தானியத்தை, வீணாகிறதே என்று மானுக்குப் போடாதீர்கள், அதில் இருக்கக்கூடிய அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நச்சு கல்லீரலைக் கெடுக்கும்.

இன்னொன்று. ஒரே தொட்டியில் பல வாய்கள் படும்போது நோயும் பரவும். 1967இல் அமெரிக்காவின் கொலராடோவில் முதலில் கண்டறியப்பட்ட மான்களின் மூளைச் சிதைவு நோய் எச்சிலிலும் சாணத்திலும் பரவக்கூடியது, மண்ணில் வருடக்கணக்கில் தங்கும், இன்றுவரை மருந்து கிடையாது. அந்த நோய் உள்ள பகுதியில் தீவனம் வைக்கவே கூடாது. மற்ற இடங்களிலும் வைக்கலாமா என்று வனத்துறையிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். தொட்டியைத் தவறாமல் கழுவுங்கள்.

புல்லுக்குள் தனியாகப் படுத்திருக்கும் குட்டியைப் பார்த்தால், பசிக்கிறதோ என்று பதறித் தூக்கி வந்துவிடாதீர்கள். தாய்தான் அதை ஒளித்து வைத்துவிட்டு மேயப் போயிருக்கும், பால் கொடுக்கத் திரும்பி வரும்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்