தொட்டியிலா, தொட்டியிலிருந்தா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆத்தங்குடியில் தரைக்கல் வார்க்கும் பட்டறை ஒன்றில் 22 ஆண்டுகளாகக் கணக்கு எழுதுகிறேன். சென்ற மாதம் எங்கள் மேற்பார்வையாளர் கைபேசியில் ஒரு செய்தி அனுப்பினார்: "தேவகோட்டை சிவப்பு 400 தொட்டி". அவ்வளவுதான். கற்கள் தண்ணீர்த் தொட்டியில் ஊறிக் கிடக்கின்றன, தொட வேண்டாம் என்பது அவர் நினைப்பு. தொட்டியிலிருந்து எடுத்து ஏற்ற வேண்டும் என்று புரிந்துகொண்டார் வண்டி ஏற்றும் தம்பி.

ஆத்தங்குடிக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடியின் மேல் சாயக் கலவையை ஊற்றி, மணலும் சிமெண்டும் இட்டு அழுத்தி, காயவிட்டு, பிறகு நாள்கணக்கில் தண்ணீரில் ஊறவைத்தால்தான் அது இறுகும். சரியாக ஊறாத கல் வண்டியேறியது. தேவகோட்டையில் இறக்கும்போதே ஓரங்கள் உதிர்ந்தன. எழுபதுக்கு மேல் வீண். ஒவ்வொன்றும் கையால் வார்த்த கல். அந்தச் செய்தியை நானும் படித்தேன். என்ன பொருள் என்று கேட்கவில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

தமிழே சுருங்கச் சொல்லும் மொழிதானே என்பார்கள். உண்மைதான். "வந்தேன்" என்றால் போதும், "நான்" வேண்டாம். தோன்றா எழுவாய் என்று பள்ளியில் படித்தோம். ஆனால் அங்கே "நான்" தொலைந்துவிடவில்லை, விகுதிக்குள் இருக்கிறது. "பால் பருகினான்" என்பதில் "ஐ" உருபு மறைந்திருந்தாலும் யாரும் குழம்புவதில்லை. பால் ஆளைப் பருகாது. "தொட்டி" அப்படியா? எந்த உருபை ஒட்டினாலும் ஒரு பொருள் வருகிறதே!

இதைவிட மோசமானது "அனுப்பியாயிற்று". யார் அனுப்பினார், எதை, யாருக்கு? "ஆயிற்று" ஆளைக் காட்டாது. "பார்க்கவும்" என்பதும் அதே வகை. எங்கள் குழுவில் பதினோரு பேர். பதினோரு பேரும் இன்னொருவர் பார்ப்பார் என்று இருந்துவிடுகிறார்கள்.

என் பாட்டனார் ரங்கூனில் ஒரு கிட்டங்கியில், அதாவது செட்டியார்கள் வட்டித்தொழில் நடத்திய இடத்தில், அடுத்தாளாக, அதாவது உதவியாளராக இருந்தவர். அவர் ஊருக்கு எழுதிய கடிதங்களில் சிலவற்றை வைத்திருக்கிறேன். கப்பலில் கடிதம் வந்து பதில் போய்ச் சேர வாரக்கணக்காகும், "என்ன சொன்னீர்கள்?" என்று உடனே கேட்க வழியில்லை. அதனால் யார், யாரிடம், எந்தத் தேதியில், எவ்வளவு, என்ன வட்டிக்கு என்று எல்லாமே அவற்றில் இருக்கும். தொகையை எண்ணால் எழுதி, எழுத்தாலும் எழுதியிருப்பார். தந்தியில் மட்டும் சொல்லுக்குச் சொல் காசு, சுருக்கினார்கள். அந்தத் தந்தியும் 2013 ஜூலையில் நின்றுவிட்டது. இன்று கைபேசியில் ஒரு சொல்லைக் கூட்டி எழுதினால் யாரும் காசு கேட்பதில்லையே!

பத்தியை மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கி வரையப் பள்ளியில் பழக்கினார்கள். அந்தச் சுருக்கத்திலும் வாக்கியம் முடிந்திருக்க வேண்டும், பாதியில் நின்றால் மதிப்பெண் இல்லை. பட்டறை, கடை, அலுவலகம் நடத்துவோர் வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு முதல் வாரத்திலேயே இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். உருபையும் வினைமுற்றையும் விடாதிருந்தாலே பாதித் தொல்லை தீரும்.

நேற்று எங்கள் மேற்பார்வையாளர் எழுதியது: "பள்ளத்தூருக்கான 250 பச்சைக் கற்களை வெள்ளிக்கிழமை காலை தொட்டியிலிருந்து எடுங்கள்." தம்பி அதை ஒருமுறை படித்தார், கைபேசியைப் பையில் போட்டுக்கொண்டு வேறு வேலைக்குப் போய்விட்டார்.

இப்படிக்கு,
தரைக்கல் பட்டறைக் கணக்காளர்,
ஆத்தங்குடி, சிவகங்கை மாவட்டம்.