பச்சை ஸ்டிக்கர் இல்லாத லேப்டாப்: கல்லூரி நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய முதல்வர் அவர்களுக்கும் நிர்வாகத்தினருக்கும்,

வணக்கம். கணினிப் பொறியியல் முதலாண்டு மாணவன் ஒருவனின் தகப்பன் எழுதுகிறேன். விண்டோஸ் 11 இல்லாத லேப்டாப்பை லேபுக்குள் கொண்டுவரக் கூடாது என்ற உங்கள் சுற்றறிக்கையைத் தயவுசெய்து திரும்பப் பெறுங்கள்.

சோதித்துப் பார்த்த லேப்டாப்களில் பச்சை ஸ்டிக்கர் ஒட்டினீர்கள். என் மகனுடையதில் ஒட்டவில்லை. மூன்று வாரமாக அவன் பைத்தான் புரோகிராமை நோட்டில் எழுதிவைத்துக்கொண்டு, பக்கத்துப் பையன் சாப்பிடப் போகும் நேரத்தில் அவன் லேப்டாப்பை வாங்கி ஓட்டிப் பார்க்கிறான். டிபன் பாக்ஸ் பாதி அப்படியே வீட்டுக்குத் திரும்பி வருகிறது. அவன் அம்மா முதலில் தன் சமையலைத்தான் சந்தேகப்பட்டாள்.

அந்த லேப்டாப் 2018இல் மூத்தவள் படிப்புக்காகத் தவணையில் வாங்கியது. இன்டெல் ஐ5 ஏழாம் தலைமுறை பிராசசர், 8 ஜிபி ரேம். போன வருடம்தான் பழைய ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாக வேகமான எஸ்எஸ்டி போட்டேன். பட்டனை அழுத்தியதும் எழுந்துகொள்கிறது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் கூட இருக்கிறது. விண்டோஸ் 11 கேட்கிறபடி பிராசசர் எட்டாம் தலைமுறை இல்லை என்பதுதான் அது செய்த குற்றம். விண்டோஸ் 11 இலவசம் என்கிறார்கள். வாஸ்தவம். அந்த இலவசத்தை வாங்கிக்கொள்ள நான் புது லேப்டாப்புக்கு 50 ஆயிரம் புரட்ட வேண்டும்.

பாதுகாப்புக்காக என்கிறீர்கள். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது, மறுக்கவில்லை. ஆனால் வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் தருகிறார்கள். 30 டாலர், செட்டிங்ஸை மைக்ரோசாஃப்ட் கணக்கில் பேக்கப் எடுத்தால் அதுவும் வேண்டாம். நாங்கள் பதிவு செய்துவிட்டோம். அந்த ஸ்கிரீன்ஷாட்டை லேப் பொறுப்பாளரிடம் பையன் காட்டியபோது, “லிஸ்ட்ல இல்லப்பா” என்று அனுப்பிவிட்டார்.

அந்த அப்டேட்டும் நின்றபின், விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக்கொள்கிறோம். சி, பைத்தான் எழுத அது தாராளம். அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப்களில் மத்திய அரசு நிறுவனமான சி-டாக் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் வந்ததே! கணினிப் பொறியியல் சொல்லித்தரும் இடத்துக்கு இதை நான் எழுத வேண்டியிருக்கிறது.

போன மாதம் ஃபீஸ் கட்ட வந்தேன். கவுன்ட்டர் கணினியில் ஓடிக்கொண்டிருந்தது விண்டோஸ் 7. அதற்கான ஆதரவு 2020 ஜனவரியிலேயே முடிந்துவிட்டது. எங்கள் பணத்தை வாங்கும்போது மட்டும் வைரஸ் எட்டிப் பார்க்காது போலிருக்கிறது. பஸ் ஃபீஸ், கட்டட நிதி, ரசீதே தராத சிம்போசியம் வசூல், இப்போது லேப்டாப்பும் நீங்கள் கைகாட்டும் கடையில்தான் வாங்க வேண்டுமாம்...

மன்னிக்கவும், எங்கேயோ போய்விட்டேன். கேட்பது ஒன்றுதான்: அந்தச் சுற்றறிக்கையைத் திரும்பப் பெறுங்கள். முடியாதென்றால், பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பதிந்த லேப்டாப்களையாவது இந்தக் கல்வியாண்டு முடியும்வரை அனுமதியுங்கள். அடுத்த மாதம் செய்முறைத் தேர்வு இருப்பதால், திங்கட்கிழமைக்குள் பதில் சொன்னால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஸ்டிக்கர் கிடைக்காத பையனின் அப்பா