கோர்ட்னி பார்னெட், கர்ட் வைல் ரெண்டு பேருக்கும்: இன்னொரு ஆல்பம் போடுங்க

கோர்ட்னி, கர்ட், ரெண்டு பேருக்கும் வணக்கம்.

ஆஸ்திரேலியாவுல ஒரு பாடகி, அமெரிக்காவுல ஒரு பாடகர்னு இருந்த நீங்க ரெண்டு பேரும் 2017 அக்டோபர்ல சேர்ந்து போட்டீங்களே லாட்டா சீ லைஸ்னு ஒரு ராக் ஆல்பம், அதுக்கு அடுத்து ஒண்ணு வேணும்னு கேக்கத்தான் இந்த மடல். அதை வெளியிட்ட மேட்டடார் லேபிள்ல இருக்கவங்களும் படிச்சா ரொம்ப நல்லது.

ரெண்டு ஃப்ரெண்ட்ஸ் சும்மா ஜாலிக்கு பண்ண சைடு ப்ராஜெக்ட்னு அதை ஒதுக்குறவங்க இருக்காங்க, எனக்கு அதுல துளிகூட உடன்பாடு இல்ல. ஒம்போதே பாட்டு, ஆனா அதுல நீங்க பண்ண ஒரு வேலை வேற எந்த ராக் ஆல்பத்துலயும் எனக்கு இவ்ளோ பிடிச்சதில்ல. கோர்ட்னி 2013ல போட்ட அவுட்டா த வுட்வர்க்கை கர்ட் பாடுறீங்க, கர்ட் 2011ல பாடுன பீப்பிங் டாம்பாயை கோர்ட்னி நீங்க ஒத்த கிட்டாரை வச்சுக்கிட்டு தனியா பாடுறீங்க, அதுல உங்க குரல் எவ்ளோ நெருக்கமா வருது தெரியுமா, அந்த பாட்டுக்குள்ள இவ்ளோ தனிமை இருக்குனு நீங்க பாடுனப்புறம் தான் எனக்கு தெரிஞ்சுது. அந்த ஆல்பத்துல வர்ற ஓவர் எவ்ரிதிங் பாட்டு வீடியோலயும் அதே தான், ஒருத்தர் வரிக்கு இன்னொருத்தர் வாயசைக்கிறீங்க. மத்தவங்க பாட்டை இவ்ளோ மதிக்கிறவங்க கம்மி.

மெல்போர்ன்ல ரெக்கார்ட் பண்ணப்ப டர்ட்டி த்ரீ பேண்டோட ஜிம் ஒயிட், மிக் டர்னர், அப்புறம் நிக் கேவோட பேண்டுல ரொம்ப காலம் இருந்த மிக் ஹார்வி, வார்பெயிண்ட் பேண்டுல ட்ரம்ஸ் வாசிக்கிற ஸ்டெல்லா மொஸ்காவானு எவ்ளோ பெரிய ஆளுங்க, ஆனா ஒருத்தர் கூட முன்னாடி வந்து நிக்கல, எல்லாரும் பாட்டுக்கு வழி விட்டு வாசிச்சிருக்காங்க. மெல்போர்ன் பாடகி ஜென் க்ளோயர் எழுதுன ஃபியர் இஸ் லைக் அ ஃபாரஸ்ட்ல மட்டும் கிட்டார் கொஞ்சம் ஆவேசமா வரும், அந்த இடம் எனக்கு உயிர்.

ஏன் இப்ப கேக்குறேன்னா காலம் போகுது. அந்த ஆல்பத்துக்காக நீங்க போன டூர்ல உங்களோட மேடை ஏறுன, கர்ட்டோட பேண்டுல வாசிச்ச ராப் லாக்சோ 2023ல கேன்சர்ல போயிட்டார். கோர்ட்னி நடத்துன மில்க் ரெக்கார்ட்ஸ் லேபிளும் அதே வருஷக் கடைசியில மூடியாச்சு. அந்த ஆல்பத்தை சுத்தி இருந்தது ஒவ்வொண்ணா கழண்டு போகுது, நீங்க ரெண்டு பேரும் இன்னும் நல்லா வாசிச்சுக்கிட்டு இருக்கீங்க, அதான் கேக்குறேன்.

அவசரமில்ல, போன தடவை மாதிரியே கிடைச்ச நாள்ல கொஞ்சம் கொஞ்சமா பண்ணுங்க. புதுப் பாட்டு நாலஞ்சு இருந்தா போதும், மிச்சத்துக்கு திரும்பவும் பாட்டை மாத்திக்கோங்க. கண்ணாடில தெரியுறது யாருனே தெரியாம நிக்கிற கர்ட்டோட ப்ரெட்டி பிம்பினை கோர்ட்னி பாடணும், வெயில்ல தோட்ட வேலை செய்யப்போய் மூச்சுத் திணறி ஆம்புலன்ஸ் வர்ற கோர்ட்னியோட அவான்ட் கார்ட்னரை கர்ட் அவரோட நிதானத்துல பாடணும். இந்த ரெண்டும் கண்டிப்பா வேணும்.

இப்படிக்கு,
உங்க ரெண்டு பேர் ரசிகன்