டிட்ராய்ட் நூலகர்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் நேற்று வந்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை நேரத்துக்குப் போடு, மதினியை விரட்ட வைக்காதே. இங்கே மகள் பேறுகாலத்துக்கு வந்திருக்கிறாள். வீட்டில் எந்நேரமும் ஆள் நடமாட்டம்தான்.

ஓய்வு பெற்ற பிறகு ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்திருக்கிறேன். இந்த மாதம் முழுக்க டட்லி ராண்டல். நூலகர் என்பதால் பிடித்துப்போனாரோ என்னவோ! 1914-ல் வாஷிங்டனில் பிறந்து டிட்ராய்ட்டில் வளர்ந்த கறுப்பினக் கவிஞர். 13 வயதில் ஊர்ப் பத்திரிகையில் கவிதை வந்துவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு ஃபோர்டு கம்பெனியில் இரும்பு உருக்கி வார்க்கும் பட்டறை, அப்புறம் உன் அப்பா பார்த்த அதே தபால் இலாகா உத்தியோகம், நடுவில் பட்டாளம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நூலகவியல் முதுகலை முடித்தபோது 37 வயது. கூடவே ரஷ்ய மொழி படித்து, அதிலிருந்து கவிதைகளை மொழிபெயர்த்தும் இருக்கிறார்.

1963 செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை. அலபாமாவின் பர்மிங்ஹாமில் கறுப்பின மக்களின் தேவாலயத்தில் வெள்ளை நிறவெறியர்கள் குண்டு வைத்தார்கள். நான்கு சிறுமிகள் செத்துப்போனார்கள். ராண்டல் அதைப் பற்றி ஒரு கதைப்பாட்டு எழுதினார். சம உரிமை ஊர்வலத்துக்குப் போகட்டுமா என்று அதில் மகள் கேட்கிறாள். நாய் விடுவார்கள், தடியால் அடிப்பார்கள், வேண்டாம், கோயிலுக்குப் போய்ப் பாடு என்கிறாள் தாய். தலை வாரி, வெள்ளைக் கையுறை மாட்டி, வெள்ளைச் செருப்புப் போட்டு அனுப்புகிறாள். கடைசியில் இடிபாட்டுக்குள் அந்தச் செருப்பு ஒன்றுதான் அவள் கைக்குக் கிடைக்கிறது. தலைப்புக்கு அடியில் தவிர, கவிதை வரிகளில் குண்டு என்ற சொல்லே கிடையாது. ஒரு வெடிச் சத்தம் கேட்கிறது, அவ்வளவுதான்.

இதற்கு ஒரு பாடகர் மெட்டுப் போட்டார். பதிப்புரிமை கைவிட்டுப் போகக்கூடாதே என்று ராண்டல் 1965-ல் கவிதையை ஒற்றைத் தாளில் அச்சடித்தார். பிராட்சைட் பிரஸ் என்ற அவருடைய பதிப்பகம் பிறந்தது இப்படித்தான். முதலீடு எவ்வளவு தெரியுமா? நூலகச் சம்பளத்திலிருந்து எடுத்த 12 டாலர். மறு வருஷம் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் எழுத்தாளர் மாநாடு. சுட்டுக்கொல்லப்பட்ட கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ் பற்றி இத்தனை பேர் எழுதுகிறார்களே, யாராவது தொகுக்கலாமே என்று பேச்சு வந்தபோது, 'நீங்களே செய்யுங்களேன்' என்றார் ஓவியர் மார்கரெட் பரோஸ். ராண்டல் அவரையும் சேர்த்துக்கொண்டு தொகுத்தார்.

பகலில் நூலக வேலை, மிச்ச நேரத்தில் வீட்டிலிருந்தே பதிப்பகம். புரூஃப் பார்ப்பது, பில் போடுவது, புத்தகத்தைப் பொட்டலம் கட்டுவது எல்லாம் முக்கால்வாசி அவர்தான். விமர்சகர்கள் இந்தப் பகுதியை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கென்னவோ அந்தக் காலத்துக் கறுப்பினக் கலை இயக்கத்தின் முதுகெலும்பே இங்கேதான் இருக்கிறது என்று தோன்றுகிறது. நியூயார்க் பதிப்பாளர்கள் ஏறெடுத்தும் பார்க்காத காலத்தில் கவிஞர் சோனியா சான்செஸின் முதல் தொகுப்பு இவரிடம்தான் வந்தது. கொள்ளை வழக்கில் இந்தியானா சிறையில் கிடந்த எதரிட்ஜ் நைட்டின் கவிதைகளை, அவர் உள்ளே இருந்தபோதே 1968-ல் புத்தகமாக்கினார். முன்னுரை எழுதியவர் க்வென்டலின் புரூக்ஸ். புலிட்சர் பரிசு பெற்ற முதல் கறுப்பினக் கவிஞரான அவரே, அடுத்த வருஷம் பெரிய பதிப்பகத்தை விட்டுவிட்டு இந்த வீட்டுப் பதிப்பகத்துக்கு வந்தார்.

முழுக்கப் புகழ்ந்துவிடவும் மனசில்லை. கறுப்பினக் கவிஞர் ஆட்ரி லோர்டின் ஒரு காதல் கவிதை ராண்டலுக்குப் புரியவில்லை. இதில் நீங்கள் ஆணா என்று கேட்டிருக்கிறார். இல்லை, பெண்ணை நேசிக்கும் பெண் என்றார் லோர்ட். அந்தக் கவிதை இல்லாமல்தான் 1973-ல் லோர்டின் தொகுப்பை ராண்டல் வெளியிட்டார். ஒரு வாசலைத் திறந்தவரே இன்னொன்றைச் சாத்தியிருக்கிறார்.

'அடுத்தவன் கவிதையைத் திருத்தியே ஆயுசு போச்சு' என்று எழுதியிருந்தாயே, அதற்கு ஆறுதலாக இவரைக் காட்டலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். கதை அப்படிப் போகவில்லை. காகித விலையும் அச்சுக்கூலியும் ஏறின, சின்னச் சின்னக் கடைகள் பாக்கியை இழுத்தடித்தன, கடன் கழுத்தை நெரித்தது. 1977-ல் பதிப்பகத்தை விற்றார். மனச்சோர்வு ஆளையே விழுங்கப் பார்த்தது, சில வருஷம் ஒரு வரிகூட எழுதவில்லை. 1980 வாக்கில்தான் பேனாவை மறுபடி தொட்டார். மறு வருஷமே தொகுப்பு வந்தது. அதே வருஷம் டிட்ராய்ட் மேயர் அவரை நகரத்தின் ஆஸ்தான கவிஞராக அறிவித்தார். 2000-ல் காலமானார்.

அவர் எழுதாமல் விட்ட அந்தச் சில வருஷக் கவிதைகள் போனது போனதுதான். பதிலுக்கு இத்தனை பேர் கிடைத்தார்களே என்று கணக்குப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

தையற்கடையில் வேலை பார்க்கும் பையன் கவிதை கொண்டுவந்து கொடுத்தான் என்றாயே, அந்தக் கவிதைகளை எனக்கு அனுப்பிவிடு. புரூஃபும் நானே பார்க்கிறேன், இங்கே சும்மாதானே இருக்கிறேன். தீபாவளி முடிந்ததும் மதுரைக்கு வருவேன். அதற்குள் உன் சொந்தக் கவிதை பத்தாவது தேறியிருக்க வேண்டும், சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
வேலு