அனுராதபுரம் போகிற கரண்டுக்கு யாரைக் கூப்பிடுவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மதுரையிலிருந்து இலங்கையின் அனுராதபுரத்துக்குக் கடலுக்கடியில் மின்கம்பி போடும் திட்டத்தைப் பற்றி 2010-ல் இரண்டு அரசுகளும் கையெழுத்துப் போட்டபோது என் மகன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். 2025 ஏப்ரல் 5-ஆம் தேதி கொழும்பில் மறுபடியும் கையெழுத்தானபோது அவன் எங்கள் மில்லின் கரண்ட் பில்லைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். இந்தத் தடவை காரியம் நடந்துவிடும் போலத்தான் இருக்கிறது. நடந்தால் அடுத்து ஒரு கமிட்டி வரும். இரு நாட்டுத் தொழில்துறைக்காரர்களையும் வைத்து ஓர் ஆலோசனைக் குழு அமைக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். சொல்லாவிட்டால் நானே சொல்கிறேன், அமைக்க வேண்டும். ஆனால் அதற்கு ஆள் பிடிக்கும் விதம் பற்றி எனக்குச் சொந்த அனுபவம் ஒன்று இருக்கிறது. அதனால்தான் முன்கூட்டியே எழுதுகிறேன்.

நான் உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் நூல் நூற்கும் ரிங் ஃப்ரேம் எந்திரம் ஆறு ஓடும் சின்ன நூற்பாலை வைத்திருக்கிறேன். ஆறாயிரத்துச் சொச்சம் கதிர். பூளவாடிப் பக்கம் இரண்டு பழைய காற்றாலை, ஒவ்வொன்றும் 250 கிலோவாட். இன்றைக்கு நடுகிற மெஷின்களோடு ஒப்பிட்டால் அவை பொம்மைகள். இருந்தாலும் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எங்களுக்குப் பாரபட்சம் பார்ப்பதில்லை.

சில வருடங்களுக்கு முன் ஒரு சங்கத்திலிருந்து போன் வந்தது. எந்தச் சங்கம் என்பது வேண்டாம். "அண்ணா, வர்ற வியாழக்கிழமை மெட்ராஸ்ல உங்களுக்கு ஒரு கல்யாணம் இருக்குதாமா?" இருக்கிறது என்றேன். "அப்ப ரொம்ப வசதியாப் போச்சுங்க. அன்னைக்கு வெளிமாநில மின்சாரம் பத்தி ஒரு ஆலோசனைக் கூட்டம். தலைவருக்கு வேற வேலை. நீங்க எட்டிப் பாத்துட்டு வந்துருங்க." தொழில்துறைப் பிரதிநிதியாக நான் தேர்ந்தெடுக்கப்பட்டது இப்படித்தான். சங்கத்துக்கு ரயில் செலவு மிச்சம்.

காலையில் முகூர்த்தத்தை முடித்துக்கொண்டு பட்டு வேட்டியோடு நட்சத்திர ஓட்டலுக்குப் போனேன். நீள மேஜை, ஆளுக்கொரு பெயர்ப் பலகை. என் நாற்காலிக்கு முன்னால் தலைவர் பெயர் இருந்தது. மாற்றச் சொன்னேன். அச்சடித்தாயிற்று, பரவாயில்லை சார் என்றார்கள். நாள் முழுக்க அடுத்தவர் பெயருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். சுற்றிலும் பார்த்தால் டிரான்ஸ்பார்மர் விற்பவர், கேபிள் விற்பவர், திட்ட அறிக்கை எழுதிக் கொடுப்பவர், நிலம் வாங்கி வைத்துக்கொண்டு சூரிய மின்நிலையம் அமைக்கக் காத்திருப்பவர். மின்சாரத்தை வாங்கிச் செலவழித்து மாதாமாதம் பில் கட்டுகிற ஆள் என்று பார்த்தால் நானும் இன்னொருவரும்தான். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எனக்கு மூன்று நிமிடம் கிடைத்தது. பின்னால் வந்த கூட்டக் குறிப்பில் தலைவர் பேசியதாகப் போட்டிருந்தார்கள். நான் சொன்ன ஒரே விஷயம் அதில் இல்லை.

சொன்னது இதுதான்: மின்சாரத்தை எந்த மாதம் எந்தத் திசையில் ஓட்டப் போகிறீர்கள்?

இலங்கை இணைப்பைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் தமிழ்நாட்டில் காற்று மின்சாரம் மிஞ்சுகிறது, இலங்கையில் தட்டுப்பாடு, அதனால் அனுப்பலாம் என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்களுக்கு மிஞ்சுவது ஜூன், ஜூலை, ஆகஸ்டில். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் அந்த மாதங்களில் சில நாள் மெஷினை நிறுத்தச் சொல்லியே தகவல் வரும். அதே காற்று கடலைத் தாண்டி மன்னாரிலும் வீசுகிறது. இலங்கை மின்சார சபை 2020 டிசம்பரில் திறந்த தம்பபவனி காற்றாலைகள் சும்மா நிற்காமல் அந்த நேரத்தில்தான் நன்றாகச் சுற்றும். அதே பருவமழைதான் மலையகத்து நீர்த்தேக்கங்களையும் நிரப்புகிறது. எங்கள் வீட்டில் சோறு மிஞ்சும் நாளில் பக்கத்து வீட்டிலும் விருந்து நடக்கிறது.

அவர்களுக்கு உண்மையில் நெருக்கடி பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, அணை வற்றும்போது. அப்போது இங்கே நிலைமை என்ன? பூளவாடியில் இலை ஆடாது, ஊரெல்லாம் ஏசி ஓடும். 2024 மே 2-ஆம் தேதி தமிழ்நாட்டின் உச்சத் தேவை 20,830 மெகாவாட். நாமே வெளியிலிருந்து வாங்கித் தின்கிற காலம் அது. சரி, பகலில் சூரிய மின்சாரத்தை அனுப்பலாமே என்றால், 2025 ஏப்ரலில் புத்தாண்டு விடுமுறையின்போது கூரை மேல் சோலார் வைத்திருப்பவர்கள் பகலில் அதை அணைத்து வையுங்கள் என்று அங்கே வேண்டுகோள் விட்டார்கள். ஆலைகள் மூடியிருந்தன, வெயில் மட்டும் வேலைக்கு வந்திருந்தது. அதற்கு இரண்டு மாதம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிப்ரவரி 9, பாணந்துறை துணைமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாடு முழுக்க இருட்டாகிப் போனதும் நினைவிருக்கும். அவ்வளவு சின்ன மின்தொகுப்பு அது. அதில் 500 மெகாவாட்டைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதென்றால் எந்த நாள், எந்த மணி என்று பார்த்துத்தான் சேர்க்க வேண்டும்.

திட்டமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வடமாநிலங்களிலிருந்து வரும் மின்சாரத்தை இதன் வழியே அனுப்பலாம், அங்கே மிஞ்சும் நேரத்தில் நாமும் வாங்கலாம். நேரக் கணக்கைச் சரியாகப் போட்டால் இரண்டு பக்கமும் லாபம். நேபாளத்துக்காரர்கள் போட்டார்கள். இந்தியா வழியாக வங்கதேசத்துக்கு 40 மெகாவாட் விற்க 2024 அக்டோபரில் காத்மாண்டுவில் மூன்று தரப்பும் போட்ட ஒப்பந்தத்தில், வருடத்தில் ஜூன் 15 முதல் நவம்பர் 15 வரை மட்டுமே விற்பனை. ஆற்றில் தண்ணீர் வரும் மாதங்கள் அவை. நாற்பது மெகாவாட்டுக்கே காலண்டரைப் பார்த்திருக்கிறார்கள்.

காலண்டர் தெரிந்தவர்களைக் குழுவில் போடுங்கள் என்பதுதான் என் கோரிக்கை. அது தொழிலில் ஊறியவனுக்குத் தெரியும், விசிட்டிங் கார்டில் எழுதியிருக்காது. 2012 மின்வெட்டின்போது என் காற்றாலை பூளவாடியில் சுற்றிக்கொண்டிருக்க, என் மில் இருட்டில் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். மின்னழுத்தம் ஒரு கண்சிமிட்டும் நேரம் இறங்கினால் போதும், ஒரு ஃப்ரேமில் ஆயிரத்தெட்டு நூலும் அறுந்து நிற்கும். ஃப்ரேமைப் பார்த்துக்கொள்ளும் சைடர் பெண்கள் அறுந்த நூலை ஒவ்வொன்றாக ஒட்டி, அதாவது பீசிங் போட்டு, எடுப்பதற்குள் அந்த ஷிப்டின் பாதி போய்விடும். விட்டுவிட்டு வரும் கரண்ட் என்ன விலை என்று அவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

அக்கரையிலும் இதே கதைதான். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்ட பிறகு ஒருமுறை யாழ்ப்பாணம் போய்வந்தேன். அங்கே ஓர் அரிசி ஆலைக்காரரோடு நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருந்தேன். 2022-ல் சில நாள் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு, ஜெனரேட்டருக்கு டீசல் வரிசை. அப்புறம் ஆகஸ்டில் கட்டணம் சராசரி 75 சதவீதம் ஏறியது, ஆறு மாதத்தில் இன்னொரு 66. பெரும்போக நெல் வந்து குவிவது பிப்ரவரி, மார்ச்சில். ஆலை முழு மூச்சில் ஓட வேண்டிய நேரமும் அணை வற்றும் நேரமும் அவருக்கு ஒன்று. கடலடி இணைப்பைப் பற்றிக் கேட்டேன். சிரித்தார். "அண்ணை, அது மன்னாருக்கு மேலால அனுராதபுரம் போகும். எங்களை ஆர் கேட்கப் போகினம்?" சுன்னாகத்தில் மின்நிலையத்துக் கழிவெண்ணெய் கிணற்றுத் தண்ணீரில் கலந்து, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2019-ல் தீர்ப்பு வந்த ஊர்ப் பக்கத்து ஆள் அவர். கேட்காமல் செய்தால் என்ன ஆகும் என்று அவருக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

நம் பக்கமும் புகளூரில் உயரழுத்த நேர்மின்னோட்ட நிலையம் வந்தபோது, அதற்குத் தோட்டத்துக்குள் மின்கோபுரம் நடக் கூடாது என்று எங்கள் கொங்கு விவசாயிகள் எத்தனை நாள் ரோட்டில் உட்கார்ந்தார்கள் என்பது தங்கள் பத்திரிகைக்குத் தெரியாததல்ல.

குழுவுக்குத் தொழிலதிபர்களே வேண்டாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆயிரக்கணக்கான கோடி புரட்டுகிறவர்கள் இல்லாமல் கம்பி வராது. அவர்கள் இருக்கட்டும். ஆனால் கேபிளையும் கருவியையும் அறிக்கையையும் இந்தத் திட்டத்துக்கே விற்கப் போகிறவர்களை அழைத்துக் கேட்டால் போதும், நாற்காலி போட வேண்டியதில்லை. ஆசியான் நாடுகளின் வணிக ஆலோசனைக் குழுவில் நாட்டுக்கு மூவர், அதில் ஒருவர் சிறு நடுத்தரத் தொழிலிலிருந்து வர வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். இங்கே மூவரில் ஒருவர் போதாது, பாதியாவது வேண்டும் என்பேன். ராமேசுவரம், மண்டபம் பக்கத்து ஐஸ் பேக்டரிக்காரர் ஒருவர், மன்னாரிலிருந்து அவருக்கு ஈடான ஒருவர் கட்டாயம். கம்பி கரையேறப் போவது அவர்கள் படகு நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில். ஐஸ் போடுவதும் தொழில்தான். ராத்திரி முழுக்க கம்ப்ரஸர் ஓடி ஒரு பார் ஐஸ் உறைய எத்தனை யூனிட் என்று அவர் விரல்விட்டுச் சொல்வார்.

சங்கத்துக்கு ஒரு கடிதம் போட்டு, நாளை மத்தியானத்துக்குள் பெயர் அனுப்பு என்பதை முதலில் நிறுத்த வேண்டும். இரு கரைப் பத்திரிகைகளிலும் தமிழிலும் சிங்களத்திலும் விளம்பரம் வரட்டும், ஒரு மாதம் நேரம் கொடுக்கட்டும். வருகிறவர் தன் தொழில் என்ன, இந்தத் திட்டத்தில் தனக்கு என்ன ஆதாயம் என்று எழுதிக் கொடுக்கட்டும். பதவிக்கு நாற்காலி ஒதுக்கினால் தலைவர் மாறும்போதெல்லாம் ஆள் மாறும், நடுவில் என்னைப் போல் கல்யாணத்துக்கு வந்தவன் உட்காருவான். ஆளுக்கு ஒதுக்குங்கள், மூன்று வருடம் அவரே வரட்டும், பலகையில் அவர் பெயரே இருக்கட்டும். போக்குவரத்துச் செலவைக் குழு ஏற்கட்டும். கம்பெனிக் கணக்கில் விமானம் ஏறுகிறவருக்கு இது ஒரு பொருட்டில்லை, மன்னார்க்காரருக்கு இரண்டு நாள் வருமானம்.

கூட்டத் தேதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜூன் பாதியிலிருந்து செப்டம்பர் வரை எங்களுக்குக் காற்று சீசன், மெஷினை விட்டு நகர முடியாது. பிப்ரவரி, மார்ச்சில் அரிசி ஆலைக்காரர் வர மாட்டார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை இந்தக் கரையில் விசைப்படகுகளுக்கு 61 நாள் தடை, ஐஸ் பேக்டரிக்காரர் சும்மாதான் இருப்பார். மே மாதம் முதல் வாரம் வைத்தால் எல்லோரும் வந்துவிடலாம். எனக்கு அந்த வாரம் கல்யாணம் எதுவும் இல்லை.

இப்படிக்கு,
ஒரு நூற்பாலைக்காரர்,
உடுமலைப்பேட்டை.