செத்த பேட்டரி செல்லை எங்கதான் குடுக்குறது?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

டெல்டா பக்கம் ஒரு சின்ன ஊர்ல 20 வருஷத்துக்கு மேல ரேடியோ, ரிமோட், சுவர் கடிகாரம்னு ரிப்பேர் பாத்துக்கிட்டிருக்கேன். போன வாரம் ஒரு அம்மா பிபி மெஷினை கொண்டாந்து, "ஆறு மாசமா பீரோவுலதான் தம்பி கிடந்துச்சு, இப்ப ஆன் ஆக மாட்டேங்குது"ன்னாங்க. மூடியை திறந்தா நாலு செல்லுல ஒண்ணு மட்டும் அடிப்பக்கம் வெள்ளையா பூத்துப்போய் இருக்கு, அதுக்கு நேரா இருந்த ஸ்பிரிங் பச்சை புடிச்சு, தொட்டதும் ஒடிஞ்சு கையோட வந்துடுச்சு. ரெண்டு புதுசு, ரெண்டு பழசு கலந்து போட்டிருக்காங்க.

எல்லாரும் கம்பெனியைத்தான் திட்டுறாங்க, ஆனா செல்லு ஒழுகுறது அதோட பொறப்புலயே இருக்கு. நாம வாங்குற விலை கம்மியான செல்லுக்கு வெளிக்கூடே துத்தநாகத் தகடுதான், அந்தத் தகடு கரைஞ்சுதான் கரண்டே வருது. அதாவது பாத்திரமே அடுப்புல எரியுற மாதிரி. தீர்ற நேரத்துல தகட்டுல ஓட்டை விழுந்து உள்ள இருக்குற நவச்சாரமோ துத்தநாக குளோரைடோ பிசுபிசுன்னு வெளிய வந்துடும் (ஈயம் பூச வர்றவர் வச்சிருப்பாரே, அதே நவச்சாரம்தான்). விலை ஜாஸ்தியான ஆல்கலைன் செல்லுக்கு வெளிய இரும்புக் கூடு, ஆனா உள்ள பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. புதுசோட பழசை சேத்து போட்டா பழசுல ஒண்ணு முதல்ல தீந்துடும், மத்த மூணும் அது வழியா கரண்டை வம்பா தள்ளும், உள்ள ஹைட்ரஜன் கேஸ் கட்டி அடைப்பு பிச்சுக்கும். ஒழுகினது காத்து பட்டதும் வெள்ளைப் பொடியா ஆயிடும். அந்த வெள்ளைப் பொடிக்கு கையுறை போட்டுக்கிட்டு எலுமிச்சை சாறு தொட்டுத் துடைச்சா போகும், பழுப்பா பிசுபிசுன்னு இருந்தா ஆப்ப சோடா கரைச்ச தண்ணி.

எங்க காலத்துல டார்ச் செல்லை வெயில்ல காய வச்சு, பல்லால கடிச்சு கூட ஓட்டுவோம், அப்புறம் உடைச்சு உள்ள இருக்குற கருப்பு மாவை ஊமத்தை இலையோட அரைச்சு பள்ளிக்கூடத்து போர்டுல தேய்ப்போம். அதெல்லாம் எவ்ளோ தப்புன்னு இப்பதான் புரியுது. அப்ப ஊருக்கே அஞ்சாறு டார்ச், இப்ப ஒரு வீட்டுலயே ரிமோட், எடை மெஷின், பொம்மை, கடிகாரம்னு பத்து சாமான்ல செல்லு இருக்கு. ரிமோட்டுல ஓடாததை கடிகாரத்துல போட்டு கடைசிச் சொட்டு வரைக்கும் ஓட்டுறது நல்ல பழக்கம்தான், ஆனா கடிகாரம் நின்னதும் செல்லை கழட்ட யாருக்கும் ஞாபகம் வர்றதில்ல.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். இன்வெர்ட்டர் பேட்டரி செத்தா காயலாங்கடைக்காரர் வீடு தேடி வந்து காசு குடுத்து தூக்கிட்டு போறார், ஏன்னா அதுல ஈயம் இருக்கு. (சிலபேர் எடை போடுறதுக்கு முன்னாடி ஆசிட்டை வாய்க்கால்ல கவுத்துடுறாங்க, அதை என் கண்ணாலயே பாத்தேன். ஈயம் உடம்புல இவ்ளோ வரைக்கும் இருந்தா பரவால்லன்னு ஒரு அளவே கிடையாதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, சின்னப் புள்ளைங்க மூளையைத்தான் அது புடிக்கும்.) ஆனா சின்ன செல்லை அதே காயலாங்கடையில குடுத்தா "இதை யாரு சார் வாங்குவா"ன்னு சிரிக்கிறார். விலை இல்லாததால அது குப்பைக்கு போகுது, குப்பையை தெருமுனையில கொளுத்துறாங்க, செல்லு டப்புன்னு வெடிக்குது, சாம்பல் மழையில கரைஞ்சு வாய்க்காலுக்கு போகுது. இப்ப வர்ற ரிமோட் செல்லுல பெரும்பாலும் பாதரசம் சேக்குறதில்ல, அது நல்ல விஷயம். ஆனா பழைய எமர்ஜென்சி லைட்டோட ரீசார்ஜ் செல்லு பலதுல காட்மியம்ங்கிற விஷ உலோகம் இருக்கும், உப்பிப்போன போன் பேட்டரியும் பவர் பேங்கும் குப்பை வண்டியில நசுங்கினா தானா தீப்புடிக்கும், அந்த வண்டிக்குள்ள கையை விட்டு பிரிக்கிறது யாருன்னு யோசிச்சுப் பாருங்க.

சட்டம் இல்லாம இல்ல. 2016 திடக்கழிவு விதியிலேயே தீந்துபோன பேட்டரியை வீட்டு அபாயக் கழிவுன்னு தனியா வாங்கணும், 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு சேகரிப்பு மையம் வைக்கணும்னு இருந்துச்சு. 2022 ஆகஸ்ட்ல வந்த பேட்டரி கழிவு விதிப்படி சின்ன செல்லுல இருந்து கார் பேட்டரி வரைக்கும் திரும்ப சேகரிக்கிற பொறுப்பு தயாரிக்கிற கம்பெனியோடது. அட்டையை திருப்பிப் பாருங்க, குப்பைத்தொட்டி படத்துக்கு மேல பெருக்கல் குறி போட்டிருப்பான், அதாவது தொட்டியில போடாதேன்னு அர்த்தம். சரி, போடல. வேற எங்க போடுறதுன்னு ஏன் அட்டையில எழுதல? எங்க தெருவுக்கு வர்ற வண்டியில மக்கும் குப்பை, மக்காத குப்பைன்னு ரெண்டே ரெண்டு டப்பாதான். வண்டிக்கார தங்கச்சிகிட்ட செல்லை தனியா நீட்டினா அவங்களுக்கே என்ன பண்றதுன்னு தெரியல, அவங்களை சொல்லிக் குத்தமில்ல.

நான் கேக்குறது பெருசா ஒண்ணும் இல்ல. செல்லு விக்கிற மளிகைக் கடை, ஸ்டேஷனரி கடை எல்லாத்துலயும் கம்பெனி செலவுல ஒரு பிளாஸ்டிக் டப்பா, புது செல்லு இறக்க வர்ற ஏஜென்சி வண்டியே பழசை ஏத்திக்கிட்டு போகட்டும். காலி கூல்டிரிங்ஸ் பாட்டிலை அப்படித்தானே ஐயா பல வருஷமா கிரேட் கிரேட்டா எடுத்துட்டு போனாங்க?

ரெண்டு வருஷமா கடைக்கு வர்ற செத்த செல்லை ஒரு பெயிண்ட் பக்கெட்டுல போட்டு, போன் பேட்டரியை மட்டும் தனியா மணல் டப்பாவுல வச்சிருக்கேன். பக்கெட்டு முக்கால்வாசி நிறைஞ்சு, தனியா தூக்க முடியாத கனம் கனக்குது. எங்க கொண்டுபோய் குடுக்கணும்னு தெரிஞ்ச அதிகாரிங்க யாராவது உங்க பத்திரிகையிலயே பதில் எழுதினா நாளைக்கே ஆட்டோவுல ஏத்திடுவேன், ஆட்டோ வாடகை என்னோடது.

இப்படிக்கு,
ஒரு ரிப்பேர் கடைக்காரன்,
டெல்டா மாவட்டம்.