பிணைமானைச் சுடுவதா கொடுமை?

ஆசிரியருக்கு வணக்கம்.

காசு வாங்கிக்கொண்டு மான் சுட விடும் டெக்சாஸ் வேட்டைப் பண்ணைகள் பற்றி சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கட்டுரையாளர் கண்ணில் பட்டது கொம்பும் துப்பாக்கியும் மட்டும்தான். கெர்வில் பக்கம் ஒரு பண்ணைக்குப் பதினோரு வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். துப்பாக்கியைத் தொட்டதில்லை, கறியும் சாப்பிடுவதில்லை (முதலாளிக்கு இது இன்னும் வேடிக்கை). ஆனால் ஆகஸ்ட் இரவுகளில் வண்டியின் பின்னால் நின்று விளக்கடித்து மான் எண்ணியிருக்கிறேன். எத்தனை ஆண், எத்தனை பிணை (பெண் மான்), பிணைக்கு எத்தனை குட்டி என்று எண்ணிவிட்டு, நிலம் தாங்குவதற்கு மேல் இருப்பதைச் சுட்டுக் கழிப்பார்கள். கழிப்பதில் பெரும்பாலும் பிணைகள்தான். சுட்ட ஒவ்வொன்றின் கீழ்த்தாடையையும் எடுத்து, பல் தேய்மானம் பார்த்து வயதைக் குறிக்கிறோம்.

தாயைச் சுடுவது ஈவிரக்கமில்லாத செயல் என்கிறது கட்டுரை. மேய்ச்சல் நன்றாக இருக்கும் வருடத்தில் பிணை இரட்டைக் குட்டி போடும். தின்ன ஓநாய் இல்லை, எப்போதோ ஒழித்துவிட்டார்கள். முன்பெல்லாம் பிறந்த குட்டியின் தொப்புளில் ஒரு வகை ஈ முட்டையிடும், புழு உயிரோடு சதையைத் தின்னும். மாடுகளைக் காப்பாற்ற 1960களில் மலட்டு ஈக்களை விமானத்திலிருந்து விட்டு அதை அடக்கினார்கள்; மான் குட்டிகளும் பிழைத்துக்கொண்டன. இனியும் சுடாமல் விட்டால், மானுக்கு எட்டும் உயரம் வரை மரத்தில் ஓர் இலை மிஞ்சாது. மழை பொய்த்தால் எலும்பும் தோலுமாய்ச் சாகும். அதைப் பார்த்தவன் சொல்கிறேன்.

இன்னொன்று: 'டெக்சாஸ் மான்' என்று நீங்கள் போட்ட படத்தில் நிற்பது நம்மூர்ப் புள்ளிமான்! அதுவும் வெளிமானும் 1930களில் இங்கே கொண்டுவரப்பட்டவை. அங்கே அற்றுப்போன வெளிமான் 1970-இல் பாகிஸ்தானுக்குத் திரும்பப் போனதே இங்கிருந்துதான். இந்த மண்ணின் மான் வெள்ளைவால் மான்; வேலிக்குள் நின்றாலும் அது மாநில மக்களின் சொத்து. அயல் மான்களோ பண்ணைக்காரரின் உடைமை, அவற்றைச் சுடப் பருவம் கிடையாது. இந்த அயல் மான்களைப் பெருகவிடுவதுதான் தப்பு. கெர் மாவட்ட அரசு ஆய்வுப் பண்ணையில் 1971-இல் 96 ஏக்கர் வேலிக்குள் ஆறு வெள்ளைவால், ஆறு சிகா மான்களை (ஜப்பான் பக்கத்து அயல் மான்) விட்டார்கள். 1979-இல் சிகா 62. வெள்ளைவால் ஒன்றுகூட இல்லை. தழையும் செடியும் தீர்ந்ததும் சிகா புல்லைத் தின்று பிழைத்தது. வெள்ளைவாலுக்குப் புல் மட்டும் தின்று வாழ முடியாது. புள்ளிமானும் இப்படிப் புல்லில் பிழைக்கும் ஜாதிதான்.

கட்டுரையாளர் திட்டவேண்டிய இடம் வேறு. பெரிய கொம்புக்காகப் பட்டியில் அடைத்து வளர்த்த மானை லாரியில் ஏற்றிப் பண்ணைக்குப் பண்ணை விற்கிறார்களே, அது. மானை மெலியவைத்துக் கொல்லும் சி.டபிள்யூ.டி. நோய் டெக்சாஸில் முதலில் 2012-இல், காட்டு மான்களில்தான் தெரிந்தது. 2015-இல் மெடினா மாவட்டத்தில் பட்டி மானிலும் கண்டார்கள். மருந்தில்லை, தடுப்பூசியில்லை, நோய்க்கூறு மண்ணிலேயே பல வருடம் கிடக்கும். தானாக நடக்கும் மான் நோயைப் பக்கத்துக் காட்டுக்குக் கொண்டுபோகும். லாரி ஒரே இரவில் நானூறு மைல் கொண்டுபோய்விடும்.

அடுத்த முறை உங்கள் நிருபர் வந்தால், சுவரில் மாட்டிய கொம்பைப் படமெடுப்பதற்கு முன், எந்த மான் எந்தப் பட்டியிலிருந்து வந்தது என்ற பதிவேட்டைக் கேட்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
கெர்வில், டெக்சாஸ்.